டீச்சர் குடிக்காத மருந்து

அத்தியாயம் 9

திருச்சி மேலப்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ‘தைரியம் துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதன் அதிபர் தைரியராஜுக்கு ஐம்பத்தாறு வயது. பல்லிக்குப் பயப்படுவார். வேகமாகப் போகும் ஸ்கூட்டருக்குப் பயப்படுவார். மனைவி ரோசரி பேசாமல் இருந்தால் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயப்படுவார். இருபது வருடத் தொழிலில் அவர் கண்டுபிடித்தவை பதினாறு மாப்பிள்ளைகளின் உண்மையான வயதும், காணாமல் போன ஒரு ஹார்மோனியமும், இரண்டு பூனைகளும். இரண்டில் ஒரு பூனை தானாகவே வீடு திரும்பியது. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். தொழிலில் கெட்டிக்காரரோ இல்லையோ, பொய் சொல்லத் தெரியாதவர்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வலது கையில் பூதக்கண்ணாடியும் இடது கையில் ரோசரி கொடுத்தனுப்பிய சூப் ஃப்ளாஸ்க்குமாக அவர் அமலராணி டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவருடைய உதவியாளர் பெலிண்டா.

“எந்தக் கையை முதல்ல நீட்டணும்னு பார்த்துக்குங்க சார்,” என்றாள் அவள். “டீச்சர்கிட்ட கண்ணாடியைக் குடுத்துட்டு, சூப்பை வெச்சுக் கைரேகை தேடாதீங்க.”

அமலராணி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. இரண்டு முறை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது முறைக்குப் போனால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் எகிறிக் கிடந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரமும் அதே கதை.

“திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட் அங்கிள்,” என்றாள் டீச்சரின் மகள் பிரான்சி. அவள் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. “அப்பவும் குறையலைன்னா இந்த மருந்தையே நிறுத்திடணுமாம். அம்மாவோட கட்டி இந்த மருந்துக்குத்தான் நல்லாக் கரையுது. டாக்டர் மூணு தடவை கேட்டுட்டாரு, நாட்டு மருந்து, கஷாயம், பொடி ஏதாவது எடுக்குறீங்களான்னு.”

“மூணு தடவையும் இல்லைன்னுதான் சொன்னேன்,” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த டீச்சர். தலையில் பருத்தித் துண்டு. குரல் மட்டும் வகுப்பறைக் குரலாகவே இருந்தது. “நாப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதீங்கன்னு சொன்னவ நான். பெலிண்டா, நேரா நில்லு.”

ஒன்பதாம் வகுப்பில் இவரிடம் கணக்குப் படித்த பெலிண்டா, முப்பத்திரண்டு வயதில் நேராக நின்றாள்.

“நடுவுல பத்து நாள் மணப்பாறையில என் வீட்டுல இருந்தாங்க,” என்று தொடர்ந்தாள் பிரான்சி. “அப்ப எடுத்த டெஸ்ட்ல அளவு பாதியாக் குறைஞ்சிருந்தது. போன சனிக்கிழமை இங்க கூட்டிட்டு வந்தேன். மறுபடி ஏறிடுச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த வீட்டுல யாரோ எதையோ கலக்குறாங்க.”

சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ராக்கம்மாளின் கை நின்றது. ஜீயபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து டீச்சரைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

“நான் ஏம்மா கலக்குறேன்? டீச்சரம்மா சாப்பிடாத அன்னிக்கு எனக்கே சோறு இறங்காதே,” என்றாள். கண்ணீர் பீன்ஸில் விழுந்தது.

துப்பறிவாளர்கள் அழுகையை நம்பக் கூடாது என்று தைரியராஜ் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதனால் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஃப்ளாஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

“வைங்க சார், பசிச்சதும் குடிக்கிறேன்,” என்றார் டீச்சர். “ரோசரிக்குப் புண்ணியம். புதனும் சனியும் தவறாம அனுப்பிடுது.”

தைரியராஜ் மண்டியிட்டுத் துப்பறியத் தொடங்கினார். கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு, ஒரு ஜெபமாலை மணி, ஒரு பல்லி. பல்லியைக் கண்டதும் அவர் பின்வாங்கிய வேகத்தில் முதுகு மேஜையில் இடித்தது. மேஜைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்த ஒரு காகிதம் கீழே விழுந்தது.

“பல்லிக்கு நன்றி சொல்லுங்க சார். துப்பு குடுத்ததே அதுதான்,” என்றாள் பெலிண்டா.

அது தினக் காலண்டர் தாள். நீளவாக்கில் நாலாக மடிக்கப்பட்டு, வட்டமாக வளைந்திருந்தது. விரித்தார்கள். ஒரு பக்கம் சிவப்பு எழுத்தில் ஒன்பதாம் தேதி, ஞாயிறு. மறுபக்கம் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. ஊதா முத்திரையில் பாதி மட்டும் தெரிந்தது: ‘...தம்பி நாட்டு மருந்துக் கடை, தெற்கு வாசல், ஸ்ரீரங்கம்.’ கீழே பென்சிலில், ‘காலை 1, மாலை 1.’

“பிடிச்சிட்டேன்!” என்றார் தைரியராஜ். “இந்த வளைவைப் பாரு. குற்றவாளி இதைக் கை மணிக்கட்டுல சுத்தி, வளையலுக்கு அடியில மறைச்சு வீட்டுக்குள்ள கடத்தியிருக்கான். ஒல்லியான கை.”

பெலிண்டா ராக்கம்மாளின் உருண்டு திரண்ட கைகளைப் பார்த்தாள். “அந்தக் கைக்கு இது மோதிரமாத்தான் சார் ஆகும்.”

ராக்கம்மாள் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தைரியராஜ் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். சந்தேகத்துக்கு உரியவர்களிடம் கடைசியில்தான் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அவர் இதற்கு முன் எட்டு வழக்கில் கடைப்பிடித்திருக்கிறார். எட்டும் தோற்றவை.

பெலிண்டாவின் ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த தைரியராஜ் கண்ணை இறுக மூடி ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், கண்ணைத் திறங்க. ராஜகோபுரம் தெரியுது. முப்பதுலதான் போறேன்.”

“முப்பதா? எனக்கு அறுபது மாதிரி இருக்கு.”

“அது உங்க வயசு சார். கிட்டத்தட்ட.”

தெற்கு வாசலில் பூக்கடைகளும் பாத்திரக் கடைகளும் தாண்டி, ‘நல்லதம்பி நாட்டு மருந்துக் கடை’ என்ற பலகை கண்ணில் பட்டது. உள்ளே சுக்கும் திப்பிலியும் கலந்த வாசனை. காதில் பென்சில் செருகிய நல்லதம்பி ஏதோ ஒரு வேரை இடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஓர் அட்டை: ‘ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கவும்.’

தைரியராஜுக்கு ஏமாற்றமாக இருந்தது. வில்லனின் கடையில் இப்படி ஓர் அட்டை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“இந்தத் தாள் உங்க கடையோடதா?” என்று குரலைக் கனமாக்கிக் கேட்டார்.

நல்லதம்பி வாங்கிப் பார்த்து, முகர்ந்தார். “நம்மளுதுதான். சீந்தில், அமுக்கரா, இன்னும் ரெண்டு சேர்ந்த தெம்புப் பொடி. ஏன் சார், என்ன ஆச்சு?”

பெலிண்டா சுருக்கமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க நல்லதம்பியின் கை உலக்கையை விட்டது.

“கீமோ எடுக்குறவங்களுக்கா? ஐயையோ. கேட்காம நான் குடுக்கவே மாட்டேனே. செடியில வந்ததுதானே, என்ன பண்ணிடப் போவுதுன்னு ஜனங்க நினைக்கிறாங்க. ஒண்ணுமே பண்ணாத பொடின்னா நான் ஏன் சார் கடை வெச்சு விக்கணும்? வேலை செய்யுற பொருள்னா இன்னொரு மருந்தோட சண்டையும் போடும்ல? கல்லீரல்தானே பாவம், ரெண்டையும் சமாளிக்கணும்.”

“வாங்கினது யாருன்னு சொல்ல முடியுமா? ஒன்பதாம் தேதி ஞாயிறு.”

“ஞாயிறு கடை லீவு சார்.”

தைரியராஜ் தலையைச் சொறிந்தார். பெலிண்டாதான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். “அண்ணே, காலண்டர் தாளைக் காலையிலதானே கிழிப்பீங்க? அப்படின்னா திங்கட்கிழமை காலையில கிழிபடுறது ஞாயித்துக்கிழமைத் தாள்.”

“அதேதான்மா! கடையைத் திறந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிச்சு, அதுலதான் முதல் போணிக்குப் பொட்டலம் கட்டுவேன். எங்கப்பா காலத்துப் பழக்கம். மத்தவங்களுக்கெல்லாம் கவர்தான்.” அவர் ஒரு நீள நோட்டை எடுத்தார். யார் யாருக்கு என்ன பொடி, எதற்கு என்று எழுதிவைக்கும் நோட்டு. “பத்தாம் தேதி திங்கள், முதல் ஆள்... ஆங். ஒரு அம்மா. இது மூணாவது தடவை. அவங்களுக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு. வயசு அம்பத்தாறு. வேற மருந்து எதுவும் சாப்பிடலை.”

“அம்பத்தாறு,” என்று குறித்துக்கொண்டார் தைரியராஜ். “நம்ம வயசுக்காரன். அடையாளம் ஏதாவது?”

“நல்லா ஞாபகம் இருக்கு சார். அந்தம்மா மனசுவிட்டுப் பேசும். வீட்டுக்காரருக்குப் படியேறினா மூச்சு வாங்குமாம். பல்லியைப் பார்த்தா கட்டில்மேல ஏறிடுவாராம்.”

பெலிண்டா மெல்லத் திரும்பித் தன் முதலாளியைப் பார்த்தாள். தைரியராஜ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

“தொழில்?” என்றார்.

“அதுதான் சார் வேடிக்கை. துப்பறியிற வேலையாம். ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில. தேடி வர்ற ஆளுங்க படியேறி முடிக்கிறதுக்குள்ள மனசு மாறித் திரும்பிடுறாங்களாம். நல்ல மனுஷன், ஆனா தெம்பு பத்தலை, அதனால...”

பேனா நின்றது.

தெற்கு வாசலில் அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். தைரியராஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“சார்,” என்றாள் பெலிண்டா. அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. “உங்க ஃப்ளாஸ்க்கு மூடி லூசா?”

லூசுதான். ஒரு வருடமாக லூசு. புதுசு வாங்கலாம் என்று அவர் சொல்ல, எதற்கு வீண், காகிதத்தை மடித்துச் சுற்றினால் இறுகிவிடும் என்று ரோசரி சொல்லியிருந்தாள். மணிக்கட்டு அளவுக்கு வளைந்த காகிதம்!

“பெலிண்டா,” என்றார். “நான் இன்னிக்குக் கொண்டுபோன ஃப்ளாஸ்க்கு எங்க இருக்கு?”

“டீச்சர் மேஜைமேல.”

பிரான்சியின் போன் பிஸி. டீச்சரின் எண்ணுக்கு அடித்தார். ஆறு முறை மணி அடித்த பிறகு எடுத்தது ராக்கம்மாள்.

“ராக்கம்மா, அந்த சூப்பை டீச்சர் குடிக்கக் கூடாது. உடனே நிறுத்து!”

“எந்த சூப்பு? நீங்க கொண்டாந்ததா?”

“ஆமா. நான் கொண்டாந்ததுதான்.”

“ஏன், அதுல என்ன இருக்கு?”

துப்பறிவாளர் தைரியராஜ் தன் வாழ்நாளில் வாங்கிய வாக்குமூலங்கள் பல. கொடுத்தது இதுதான் முதல். அதுவும் காலையில் தான் சந்தேகப்பட்ட பெண்ணிடம்.

“பொடி இருக்கும்மா. நாட்டு மருந்துப் பொடி. நீ இல்லை, நாங்கதான். எங்க வீட்டுல இருந்துதான்.”

பிறகு அந்தப் பக்கம் போன் எங்கோ வைக்கப்பட்ட சத்தம், காலடி, “டீச்சரம்மா, அந்த டம்ளரைக் குடுங்க” என்ற குரல். மறுபடி போனுக்கு வந்தாள்.

“வாங்கிட்டேன் சார். உதட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க, குடிக்கலை.” மூச்சு வாங்கினாள். “காலையில அந்தக் காயிதத்தைப் பத்திச் சொல்ல வந்தேன். வாராவாரம் உங்க ஃப்ளாஸ்க்கு மூடியிலேருந்து விழுறதுதானே அது. கூட்டித் தள்ளுறதே நான்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

கேட்டிருந்தால் ஸ்ரீரங்கம் வரை வந்திருக்கவே வேண்டாம். பாவப்பட்டவர்களைப் பேசவிடாமல் நாம் நடத்தும் விசாரணையெல்லாம் இப்படித்தான் நம் வீட்டு வாசலிலேயே வந்து முடிகிறது. திரும்பும் வழியில் பாலத்தின்மேல் பெலிண்டா ஐம்பதில் போனாள். தைரியராஜ் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தார். பயப்படவும் தோன்றவில்லை.

ரோசரி அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் தாளை நீட்டினார்.

“ஆமாங்க, நான்தான் வாங்கினேன்,” என்றாள் வெள்ளையாக. “ஆனா டீச்சருக்கு மருந்து எதுவும் குடுக்கலையே. சூப்புதானே குடுத்தேன்?”

அவர்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், டீச்சருக்கு யாரும் வெளி மருந்து கொடுக்கக் கூடாது என்று பிரான்சி கேட்டுக்கொண்டபோது முதலில் தலையாட்டியவளே ரோசரிதான். கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. மாத்திரை என்றால் மருந்து, கஷாயம் என்றால் மருந்து. சூப்பில் ரெண்டு ஸ்பூன் தூவினால் அது சாப்பாடு. அவள் கணக்கு அப்படி.

“அப்புறம் ஏன் கடையில எனக்குன்னு பொய் சொன்னே?”

“அங்க அட்டை மாட்டியிருக்காங்கல்ல? டீச்சருக்குன்னு சொன்னா குடுக்க மாட்டாரு. டீச்சர் இப்படித் துரும்பாப் போறாங்களேன்னு எனக்கு மனசு கேட்கலைங்க.” அவள் முந்தானையைச் சுருட்டினாள். “பொய் சொன்னதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஃபாதர் மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. அதைச் சொல்லிட்டேதான் சூப்பைக் கிண்டினேன்.”

பெலிண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று தைரியராஜால் துப்பறிய முடியவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். கல்லீரல், அளவு, திங்கட்கிழமை, நின்றுபோகக்கூடிய மருந்து. ரோசரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானா?” என்றாள். “ஏங்க, நானா?”

“நாம,” என்றார் தைரியராஜ். “கொண்டுபோனது நான்.”

மூன்று பேருமாக டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். டப்பாவில் மிச்சமிருந்த பொடியை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார் தைரியராஜ். பிரான்சி கத்தினாள். கத்த அவளுக்கு உரிமை இருந்தது. அவர் தலைகுனிந்து நின்றார்.

“உங்களுக்குக் கசக்கலையா டீச்சர்?” என்று பெலிண்டா கேட்டாள்.

“கீமோ ஆரம்பிச்சதிலேருந்து பச்சைத் தண்ணியே கசக்குது. இதுல சூப்பை எப்படிக் குத்தம் சொல்றது?”

பிரான்சி டாக்டருக்குப் போன் போட்டு, பொடியில் என்னென்ன இருக்கிறது என்று நல்லதம்பியிடம் பெலிண்டா எழுதி வாங்கிவந்த பட்டியலை வாசித்தாள். “இதுதான் காரணமான்னு நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்,” என்றார் அவர். “பொடியைக் கொண்டுவாங்க. அப்புறம் ஒண்ணு, குடுத்தவங்களை ரொம்பத் திட்டாதீங்க. திட்டினா, அடுத்த தடவை யாரும் எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.”

திங்கட்கிழமை அளவு குறையவில்லை. ஆனால் சந்தேகப்பட ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டதால், மருந்தை மாற்றாமல் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க டாக்டர் சம்மதித்தார். அதுதான் கடைசி வாரம்.

அந்த வாரம் ரோசரி அடுப்பையே பற்றவைக்கவில்லை. தைரியராஜ் மூன்று வேளையும் பன் சாப்பிட்டார், குற்றவாளிகளுக்குரிய உணவு என்று சொல்லிக்கொண்டு. புதன்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு கட்டு கீரையும் நாலு கேரட்டுமாக நின்றாள் ராக்கம்மாள். தைரியராஜ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இந்த முறை கையை உயர்த்தித் தடுத்தவள் அவள்.

“அதை அப்புறம் கேளுங்க சார். டீச்சரம்மா நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலை. நான் வெச்ச சூப்பு இறங்கலை. ரோசரி அக்கா பக்குவம் எனக்கு வராது.” அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். “எழுந்து வாங்கக்கா. நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன். நான் பார்த்தேன்னு சொன்னா பிரான்சிப் பாப்பா ஒண்ணும் சொல்லாது.”

யார்மேல் பழி விழுந்ததோ அவளே வந்து, பழிக்குக் காரணமானவளுக்குச் சாட்சி நின்றாள். ஆண்டவர் இப்படிப்பட்டவர்களை அடுக்களைகளில்தான் வைத்திருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே மருந்து தொடரலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கீமோ வார்டு வாசலில் நர்ஸ் இளவேனில் படிவத்தோடு வந்தாள். பிரான்சி, தைரியராஜ், பெலிண்டா, ராக்கம்மாள் எல்லோரும் டீச்சரைச் சுற்றி நின்றார்கள். ரோசரி மட்டும் தள்ளி, தூணுக்குப் பின்னால்.

“வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களாம்மா?” என்று நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“கேள்வியே தப்பு,” என்றார் டீச்சர். “என்னென்ன உள்ள போவுதுன்னு கேளும்மா. எழுதிக்கோ. காலையில ரெண்டு இட்லி. தொட்டுக்க மிளகாய்ப் பொடி, அதுல உளுந்து, கடலைப் பருப்பு, பெருங்காயம். பத்து மணிக்கு மோர், உப்பு மட்டும்...”

“டீச்சர், இவ்வளவு வேண்டாம்...”

“இடையில பேசக் கூடாது.” நர்ஸ் வாயை மூடிக்கொண்டாள். பெலிண்டா பழக்கதோஷத்தில் நேராக நின்றாள். “மதியம் ரசம் சாதம். புதன், சனி சூப்பு. அதுல கேரட், கீரை, மிளகு, உப்பு. வேற ஒண்ணும் கிடையாது. பார்த்தவங்க பேரு ராக்கம்மாள். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் டீச்சர்.”

“சமைக்கிறவங்க பேரையும் எழுது. ரோசரி.” டீச்சர் தூண் பக்கம் கையை நீட்டினார். “அங்க ஒளிஞ்சிட்டு நிக்குது பாரு. இங்க வா ரோசரி. மூணு மணி நேரம் ஊசி ஏறும், பக்கத்துல பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்.”

ரோசரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கதவு சாத்தப்பட்டது. தைரியராஜ் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ட பெலிண்டா, கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.